84 மதிப்பெண்ணில் ஒரு கிராமம்: பல பரிமாண வறுமையைக் கையால் கணக்கிடும் வழி

ஊர்க் கிணறு உப்பாகிப்போய் வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தால், நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி அந்தக் கேன்களின் விலை அளவுக்குக் கூடும். கிணறு நன்றாக இருந்த காலத்தில் அதே தண்ணீர் கணக்கில் ஒரு பைசாவுக்கும் வரவில்லை. இந்தக் கோளாறு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. தேசிய வருமானக் கணக்கை வகுத்த சைமன் குஸ்நெட்ஸே 1934-இல் அமெரிக்க செனட்டுக்குக் கொடுத்த அறிக்கையில், அந்த எண்ணை வைத்து மக்கள் நலத்தைக் கணிக்க முடியாது என்று எழுதினார். அயர்லாந்து 2015-இல் 26 விழுக்காடு வளர்ந்ததாக அறிவித்தது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளின் கணக்கை அங்கே மாற்றிக்கொண்டதுதான் பெரும்பகுதிக் காரணம். கடைசியில் அந்நாட்டுப் புள்ளியியல் துறையே தனியாகத் திருத்தப்பட்ட ஒரு வருமான அளவை உருவாக்க வேண்டியதாயிற்று.

மாற்று அளவுகோல்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்து, ஒரு கிராமத்துக்கு நீங்களே காகிதத்திலும் எக்செல்லிலும் போட்டுப் பார்க்கும் வழி இங்கே இருக்கிறது. ஊராட்சி உறுப்பினர், கல்லூரி மாணவர், சுய உதவிக் குழுவினர், தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர் யாராக இருந்தாலும் கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

எந்த அளவுகோல், ஏன்

மனித வளர்ச்சிக் குறியீடுதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். பொருளியலாளர்கள் மஹ்பூப் உல் ஹக்கும் அமர்த்திய சென்னும் முன்னின்று 1990-இல் கொண்டுவந்தது. நாட்டுக்கும் மாநிலத்துக்கும் நன்றாகப் பொருந்தும், கிராமத்துக்குப் பொருந்தாது. அதற்கு ஆயுள் எதிர்பார்ப்பு தேவை. 1,500 பேர் வாழும் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து இறப்புதான் நிகழும். அந்தப் பத்தை வைத்து ஆயுளைக் கணித்தால், ஒரே ஒரு சாலை விபத்தில் ஊரின் 'வளர்ச்சி' சரிந்துவிடும்.

காட்டின் மதிப்பு, வீட்டு வேலையின் மதிப்பு என்று எல்லாவற்றையும் ரூபாயாக்கிக் கூட்டிக் கழிக்கும் முறைகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் என்ன விலை போடுவது என்பதிலேயே விடை ஆடிப்போகும் என்பதால், புதியவர்கள் இப்போதைக்கு அந்தப் பக்கம் போகவேண்டாம்.

கிராம அளவில் தாங்குவது பல பரிமாண வறுமைக் குறியீடு. வருமானத்தைப் பார்க்காமல், உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றிலும் ஒரு வீட்டுக்கு உள்ள குறைகளை எண்ணுவது. பொருளியலாளர்கள் சபீனா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் இருவரும் வகுத்த முறை. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2010 முதல் உலக அளவில் இதை வெளியிடுகிறது. இந்தியாவுக்கென்று 12 குறிகாட்டிகளுடன் (ஊட்டச்சத்து, குடிநீர் போன்ற தனித்தனி அளவுகள்) மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 2021-இலும் 2023-இலும் அறிக்கை தந்தது. நாங்கள் இங்கே பின்பற்றுவது இந்த இந்திய வடிவத்தை. உலக வடிவத்தில் பத்துக் குறிகாட்டிகள்தான், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று காட்டும் எடைகளும் வேறு. உங்கள் ஊர் எண்ணை அதோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்.

பூட்டானின் மொத்த தேசிய மகிழ்ச்சிக் குறியீட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்பது துறைகள், 33 குறிகாட்டிகள் கொண்ட அதுவும் அடிப்படையில் இதே முறைதான். இதைக் கற்றுக்கொண்டால் அதையும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

முதல் படி: 84 மதிப்பெண் அட்டை

அறிக்கையில் எடைகள் 1/6, 1/12, 1/21 என்று பின்னத்தில் இருக்கும். வீடு வீடாகப் போகும்போது பின்னம் தொல்லை. மூன்றுக்கும் பொதுப் பகுதி 84. அதனால் மொத்தம் 84 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் முழு எண்ணாகிவிடும். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஒவ்வொன்றுக்கும் 28. இவை குறை மதிப்பெண்கள் என்பதை மறக்கவேண்டாம். கூடக்கூட நிலைமை மோசம்.

உடல்நலம்:
- ஊட்டச்சத்து, 14. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, 15–49 வயதுப் பெண், 15–54 வயது ஆண் ஆகியோரில் ஒருவர் ஊட்டச்சத்துக் குறைவாக இருந்தாலும் வீட்டுக்கே குறை.
- குழந்தை, வளரிளம் பருவ இறப்பு, 7. கடந்த ஐந்தாண்டில் 18 வயதுக்குட்பட்ட ஒருவர் இறந்திருந்தால்.
- தாய் நலம், 7. ஐந்தாண்டுக்குள் பிள்ளை பெற்றவர், கடைசிக் கர்ப்பத்தில் நான்கு முறைக்கும் குறைவாகப் பரிசோதனைக்குப் போயிருந்தால், அல்லது பயிற்சி பெற்றவர் உதவியின்றிப் பிரசவித்திருந்தால்.

கல்வி:
- படித்த ஆண்டுகள், 14. பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர்கூட ஆறாண்டுப் படிப்பை முடிக்காவிட்டால்.
- பள்ளி வருகை, 14. எட்டாம் வகுப்பு முடிக்கும் வயதுவரை உள்ள ஒரு பிள்ளையாவது பள்ளிக்குப் போகாவிட்டால்.

வாழ்க்கைத் தரம், ஒவ்வொன்றும் 4:
- சமையல் எரிபொருள்: முக்கியமாக விறகு, வரட்டி, கரி, பயிர்க் கழிவு.
- கழிப்பறை: இல்லை, தரமில்லை, அல்லது வேறு வீட்டோடு பகிர்வு.
- குடிநீர்: பாதுகாப்பான ஆதாரம் இல்லை, அல்லது போய் எடுத்துத் திரும்ப அரை மணியோ அதற்கு மேலோ ஆகும்.
- வீடு: மண் அல்லது சாணித் தரை, கீற்று போன்ற கூரை, அல்லது அதே தரத்தில் சுவர்.
- மின்சாரம்: இல்லை.
- உடைமை: வானொலி, டிவி, தொலைபேசி, கணினி, மாட்டுவண்டி, சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஃபிரிட்ஜ் இவற்றில் ஒன்றுக்கு மேல் இல்லை, காரோ லாரியோ இல்லை.
- கணக்கு: யாருக்கும் வங்கியிலோ அஞ்சலகத்திலோ கணக்கு இல்லை.

மூன்றில் ஒரு பங்கு, அதாவது 28 அல்லது அதற்கு மேல் வாங்கிய வீட்டில் உள்ள எல்லோரும் ஏழைகள். இந்த 28-ஐ வெட்டுக்கோடு என்போம்.

இரண்டாம் படி: போவதற்கு முன் எழுதிவைக்கவேண்டிய விதிகள்

கணக்கெடுப்பில் கெட்டுப்போவதில் பாதி, வாசலில் நின்று விதி யோசிப்பதால் கெடுகிறது. ஒரு தாளில் எழுதிக் கணக்கெடுப்போர் எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

எது ஒரு வீடு? ஒரே உலையில் சோறு பொங்கிச் சாப்பிடுபவர்கள் ஒரு வீடு. குடும்ப அட்டையை நம்பாதீர்கள். மகன் கல்யாணத்துக்குப் பின் அட்டை பிரிந்திருக்கும், அடுப்பு பிரிந்திருக்காது. ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு அடுப்பு எரிவதும் சாதாரணம். அது இரண்டு வீடு.

யார் உறுப்பினர்? திருப்பூரில் வேலை பார்த்துப் பொங்கலுக்கு வருகிற மகனைச் சேர்ப்பதா? ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்குபவர் மட்டும் என்று வைத்துக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் அதையே கடைப்பிடியுங்கள்.

விடைகளுக்குக் குறி: குறை இருந்தால் 1, இல்லையென்றால் 0, பொருந்தாது 8, தெரியவில்லை 9. பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பள்ளி வருகை 8. கணக்கில் அது குறை இல்லை என்றே போகும். 9 விழுந்த வீட்டுக்கு மறுநாள் திரும்பப் போகவேண்டும். எக்செல்லில் நேரடியாகப் பெருக்கிக் கூட்டினால் 8-உம் 9-உம் மதிப்பெண்ணாகவே சேர்ந்து, ஒரு வீட்டுக்கு 84-க்கு மேல் வந்து நிற்கும். அப்படி வந்தால் பிழை கண்ணில் படும். 4 மதிப்பெண் இடத்தில் விழுந்த 8 வெறும் 32 ஆகிக் கண்ணில் படாமலே ஒரு வீட்டை ஏழையாக்கிவிடும். மூல விடைகள் ஒரு தாளிலும், 1-உம் 0-உம் மட்டுமே உள்ள கணக்குத் தாள் வேறாகவும் இருக்கட்டும்.

எத்தனை வீடு? 150 வீடுகளுக்குள் இருந்தால் எல்லா வீட்டுக்கும் போய்விடுங்கள். 600 வீடுள்ள ஊராட்சியில் 150 வீடு எடுப்பதென்றால் நான்கில் ஒன்று. 1 முதல் 4 வரை எழுதிய சீட்டில் ஒன்றைக் குலுக்கி எடுங்கள். 3 வந்தால் 3, 7, 11 என்று போகவேண்டும். பட்டியலில் ஊர்த் தெரு மட்டுமின்றிக் காலனியும் ஒவ்வொரு குக்கிராமமும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணத் தொடங்குங்கள். பட்டியலில் விட்டுப்போன தெரு குலுக்கலில் ஒருநாளும் வராது, வழக்கமாக விட்டுப்போவதும் அதிகக் குறையுள்ள தெருதான். 150 வீட்டில் 20 விழுக்காடு ஏழை என்று வந்தால், உண்மை 14-க்கும் 26-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அடுத்த ஆண்டு 17 என்று வந்தால் வறுமை குறைந்தது என்று பேனர் கட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: வாசலில் கேட்பது

இருவர் கொண்ட அணி நாளைக்கு எட்டு வீடு முடித்தால் போதும். பகலில் போனால் நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போனவர்கள் இருக்கமாட்டார்கள்; வீட்டில் இருக்கும் முதியவரை மட்டும் கேட்டுவிட்டு வருவீர்கள். மாலை நாலரைக்கு மேல் நல்ல நேரம்.

முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்: "உரிமைத்தொகைக்கா எடுக்குறீங்க?" ஆமாம் என்பதுபோல் மழுப்பினால் ஃபிரிட்ஜ் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். இதனால் எந்தத் தொகையும் வராது, எந்தத் தொகையும் நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வியின் சொல்லமைப்பு விடையை மாற்றும். "கேஸ் இருக்கா?" என்றால் பெரும்பாலும் "இருக்கு". "அக்கா, நேத்து ராத்திரி சோறு எதுல ஆக்குனீங்க? போன வருசம் எத்தனை சிலிண்டர் வாங்குனீங்க?" என்றால் உண்மை வரும். ஐந்து பேர் வீட்டில் ஆண்டுக்கு இரண்டு சிலிண்டர் என்றால் அடுப்பு விறகில்தான் எரிகிறது. கழிப்பறையிலும் அப்படியே. கட்டியிருக்கிறதா என்று கேட்காமல், வீட்டில் எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள். கதவைத் திறந்தால் உள்ளே விறகு அடுக்கியிருந்தால் குறை 1.

"ஆறாவது வரைக்கும் படிச்சேன்" என்றால் ஆறாவது முடித்தவரா, ஆறாவதில் நின்றவரா? "ஏழாவதுக்குப் போனீங்களா அண்ணே?" என்று கேட்டால் தெளிவாகும். 14 மதிப்பெண் இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

பிள்ளை இறந்ததைக் கடைசியில் கேளுங்கள். பெண் கணக்கெடுப்பாளர், அந்தத் தாயிடம் மட்டும், மாமியாரும் அண்டை வீட்டாரும் இல்லாதபோது. சொல்ல விருப்பமில்லை என்றால் 9 போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் மறுநாள் திரும்பப் போகவேண்டாம்.

இனி ஊட்டச்சத்து. அட்டையில் அதிக உழைப்பு கேட்பதும் அதிகம் பிழைபடுவதும் இதுதான். பெரியவர்களுக்கு எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். 18.5-க்குக் கீழ் என்றால் குறை. ஒரு பெண் 43.5 கிலோ, 153 செ.மீ. என்று வையுங்கள். 1.53 × 1.53 = 2.34. வகுத்தால் 18.6, குறை இல்லை. அவர் கொண்டை போட்டிருந்து, அளவுப் பலகை கொண்டையின்மேல் உட்கார்ந்து 156 என்று எழுதப்பட்டால்? 1.56 × 1.56 = 2.43, விடை 17.9. குறை வந்துவிட்டது. ஊட்டச்சத்து வீட்டுக்கே 14 மதிப்பெண் என்பதால், ஒரு கொண்டை அந்த வீட்டிலுள்ள ஐந்து பேரையும் வெட்டுக்கோட்டுக்குப் பாதி தூரம் தள்ளிவிடுகிறது. கொண்டையை அவிழ்த்து, செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்டி நிற்கச் சொல்லுங்கள்.

எடைக் கருவியைச் சாணித் தரையில் வைக்காதீர்கள், அமுங்கி எடை குறைத்துக் காட்டும். கீழே ஒரு தட்டையான பலகை போடுங்கள். தினமும் காலையில் மளிகைக் கடையின் முத்திரையிட்ட 10 கிலோ எடைக்கல்லை வைத்துச் சரிபாருங்கள். கர்ப்பிணிகளையும், பிரசவமாகி இரண்டு மாதம் ஆகாதவர்களையும் அளக்கவேண்டாம், 8 போடுங்கள். குழந்தைகளுக்கு அங்கன்வாடிப் பணியாளரையும் அங்குள்ள வளர்ச்சி அட்டையையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்துத்தான் நீளம் எடுக்கவேண்டும். வயதை மாதக் கணக்கில் பிறப்புச் சான்றிதழிலிருந்து எழுதுங்கள். "ஆடி மாசம் பொறந்தான்" என்பதை நம்பி எழுதினால் ஒரு மாதம் இப்படியோ அப்படியோ போகும், எல்லையில் இருக்கும் குழந்தை வளர்ச்சி அட்டையிலுள்ள கோட்டின் அந்தப் பக்கம் போய்விடும்.

நான்காம் படி: கணக்கு

கணக்கு புரிவதற்காகக் கற்பனையாக ஆறு வீடு வைத்துக்கொள்வோம்.

வீடு 1, நாலு பேர்: எரிபொருள், கழிப்பறை, வீடு. மொத்தம் 12.
வீடு 2, ஐந்து பேர்: ஊட்டச்சத்து, படித்த ஆண்டுகள், எரிபொருள், கழிப்பறை. மொத்தம் 36.
வீடு 3, இரண்டு பேர், வயதான தம்பதி: படித்த ஆண்டுகள், வீடு, உடைமை, எரிபொருள். மொத்தம் 26.
வீடு 4, ஆறு பேர்: ஊட்டச்சத்து, தாய் நலம், பள்ளி வருகை, எரிபொருள், கழிப்பறை, வீடு. மொத்தம் 47.
வீடு 5, மூன்று பேர்: குறை இல்லை, 0.
வீடு 6, ஐந்து பேர்: ஊட்டச்சத்து, கழிப்பறை. மொத்தம் 18.

28-ஐத் தொட்டவை வீடு 2-உம் 4-உம். ஊரில் 25 பேர், அவர்களில் 11 பேர் ஏழைகள். ஏழைகள் விகிதம் 11/25 = 44 விழுக்காடு.

அடுத்து, அந்த ஏழைகள் சராசரியாக எவ்வளவு குறையோடு வாழ்கிறார்கள்? இதற்குத் தீவிரம் என்று பெயர். 5 × 36 = 180, 6 × 47 = 282, கூட்டினால் 462. அந்த 11 பேரும் முழு 84 வாங்கியிருந்தால் 924. 462/924 = 50 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் 0.44 × 0.50 = 0.22. இதுதான் குறியீடு. சரிபார்க்க இன்னொரு வழி: 462-ஐ ஊர் முழுக்க வாய்ப்புள்ள 25 × 84 = 2,100-ஆல் வகுங்கள். அதே 0.22 வரவேண்டும். வரவில்லையென்றால் எங்கோ வீட்டுக்கும் ஆளுக்கும் குழப்பம்.

அந்தக் குழப்பம்தான் அதிகம் நடப்பது. ஆறில் இரண்டு வீடு ஏழை, ஆகவே 33 விழுக்காடு என்று போட்டால் குறியீடு 0.165 ஆகிவிடும். ஏழை வீடுகளில் ஆள் அதிகம், வீட்டை எண்ணினால் அது மறைந்துபோகும். எப்போதும் ஆளை எண்ணுங்கள்.

ஏன் இரண்டைப் பெருக்கவேண்டும்? வீடு 2-க்குத் தனிக் கழிப்பறை கட்டிக்கொடுத்தால் 36 என்பது 32 ஆகும். இன்னும் ஏழைதான், 44 விழுக்காடு அசையவில்லை. ஆனால் கூட்டுத்தொகை 442 ஆகி, குறியீடு 0.21-க்கு இறங்கும். அடுத்து அவர்கள் கேஸுக்கும் மாறினால் 28, அப்போதும் கோட்டின்மேலேயே நிற்கிறார்கள். ஏழைகள் விகிதத்தை மட்டும் வைத்து ஊராட்சியை மதிப்பிட்டால், 29-இல் இருப்பவருக்கு ஒன்று கொடுத்துக் கோட்டைத் தாண்டவைத்துவிட்டு 47-இல் இருப்பவரைக் கைவிடுவதுதான் லாபமான வழியாகிவிடும். குறியீடு அந்தத் தந்திரத்தை ஓரளவு தடுக்கிறது.

ஐந்தாம் படி: பிரித்துப் பார்ப்பது

0.22 என்ற எண்ணை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. அதைப் பிரித்தால்தான் பயன். 462-இல் ஊட்டச்சத்தின் பங்கு 11 பேர் × 14 = 154, மூன்றில் ஒன்று. பள்ளி வருகை 84, படித்த ஆண்டுகள் 70, எரிபொருளும் கழிப்பறையும் தலா 44, தாய் நலம் 42, வீடு 24. ஊராட்சிப் பணம் கழிப்பறைக்குப் போகிறதா, அங்கன்வாடிக்குப் போகிறதா என்று கேட்க இந்த வரிசை ஒரு பிடிமானம்.

கூடவே, ஏழை, ஏழையல்லாதவர் எல்லோரையும் சேர்த்து ஒவ்வொரு குறையையும் எண்ணி வையுங்கள். கழிப்பறைக் குறை ஏழைகளுக்குள் 11 பேர், ஊர் முழுக்க 20 பேர். 25-இல் 20 பேருக்கு அந்தக் குறை உள்ள ஊரில், குறியீட்டுக்குள் வந்த 11-ஐ மட்டும் சொன்னால் ஊர் சிரிக்கும்.

குக்கிராமம் வாரியாகவும் போடுங்கள். ஒவ்வொரு குக்கிராமத்தின் குறியீட்டையும் அதன் மக்கள்தொகைப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் ஊரின் குறியீடு அப்படியே வரவேண்டும். முழுக் கணக்கெடுப்பில் வராவிட்டால் கூட்டல் பிழை.

ஆறாம் படி: கோட்டை ஆட்டிப் பார்ப்பது

28 என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல, வல்லுநர் சிலர் வைத்துக்கொண்ட கோடு. அதை 30 விழுக்காட்டுக்கு, அதாவது 25.2-க்கு இறக்கினால் வயதான தம்பதி உள்ளே வருகிறார்கள்: ஏழைகள் 52 விழுக்காடு, தீவிரம் 47, குறியீடு 0.245. பாதிக்கு, அதாவது 42-க்கு, ஏற்றினால் வீடு 4 மட்டும்: 24 விழுக்காடு, தீவிரம் 56, குறியீடு 0.134. எந்தக் கோட்டில் வைத்தாலும் அ குக்கிராமம் ஆ குக்கிராமத்தைவிட மோசம் என்று வந்தால் தைரியமாகச் சொல்லலாம். கோடு மாறும்போது வரிசை மாறினால் இரண்டும் ஏறத்தாழ ஒன்று என்று எழுதுங்கள். விடை பிடிக்கவில்லை என்று கோட்டை மாற்றுவது மட்டும் கூடாது. கோடு எது என்பதைக் களத்துக்குப் போவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைப்பது நல்லது.

அந்தத் தம்பதியை இன்னொரு முறை பாருங்கள். 49-ஐத் தாண்டிய பெண்ணையும் 54-ஐத் தாண்டிய ஆணையும் இந்த முறை எடை பார்ப்பதே இல்லை. பிள்ளை இல்லாததால் பள்ளி வருகையும் தாய் நலமும் பொருந்தாது. எவ்வளவு மெலிந்திருந்தாலும் அவர்கள் 26-இலேயே நிற்பார்கள். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட, முதியவர்கள் மட்டும் இருக்கும் ஊர்களில் இது சின்ன ஓட்டை அல்ல. முதியோருக்குத் தனியாக எடை எடுத்து, குறியீட்டில் சேர்க்காமல் பக்கத்தில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு சிக்கல்

தேசியக் குடும்பநல ஆய்வை வைத்து நிதி ஆயோக் போட்ட கணக்கில் இந்தியாவின் ஏழைகள் விகிதம் 2015-16-இல் 24.85 விழுக்காடு, 2019-21-இல் 14.96. பீகார் 51.89-இலிருந்து 33.76. தமிழ்நாடு 4.76-இலிருந்து 2.20. ஆகவே இங்கே ஒரு சராசரி ஊரில் இந்த அட்டையைப் போட்டால் மின்சாரம், வங்கிக் கணக்கு, உடைமை என்று வரிசையாக சுழியமாகத்தான் வரும். இலவச டிவியும் ஒரு கைப்பேசியும் இருந்தாலே உடைமைக் குறை தீர்ந்துவிடுகிறதே. சுழியம் வந்த ஊரில் குறையே இல்லை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அளவுகோலின் கடைசிக் கோடு அங்கே முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்குக் கணக்குத் தாளில் இரண்டு பத்தி (நெடுவரிசை) வையுங்கள். முதலாவது தேசிய அட்டை, அப்படியே, மற்ற இடங்களோடு ஒப்பிட. இரண்டாவது ஊருக்கென்று இறுக்கிய அட்டை: ஆறாண்டுப் படிப்புக்குப் பதில் பத்தாம் வகுப்பு, வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பதற்குப் பதில் வட்டிக்கோ குழுவிலோ வாங்கிய கடனின் வாரத் தவணை வருமானத்தில் எத்தனை பங்கு, குழாய் இருக்கிறதா என்பதோடு தண்ணீர்ப் பரிசோதனை. தருமபுரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் இந்த அட்டையில் பாதுகாப்பானது என்றே விழும். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இரண்டு பத்தியையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் எதனோடும் ஒப்பிட முடியாத மூன்றாவது எண் ஒன்றுதான் மிஞ்சும்.

பத்திரிகையில் வரும் எண்ணையும் இதே கண்ணோடு படியுங்கள். இந்தியாவின் ஏழைகள் விகிதம் 2013-14-இல் 29.17 விழுக்காடாக இருந்தது 2022-23-இல் 11.28 ஆகி, 24.82 கோடிப் பேர் மீண்டார்கள் என்று 2024 ஜனவரியில் நிதி ஆயோக் ஆய்வுத்தாள் சொன்னது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் குடும்பநல ஆய்வு நடக்கவில்லை. நடந்த ஆய்வுகளின் போக்கை முன்னும் பின்னும் நீட்டிப் போட்ட மதிப்பீடு அது. பொய் என்று சொல்லவேண்டியதில்லை. அளந்த எண் வேறு, நீட்டிய எண் வேறு.

ஏழாம் படி: கிராம சபைக்கு

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கூடுகிறது. எந்த நாளுக்கு வேண்டும் என்று முடிவு செய்து பின்னோக்கி எண்ணுங்கள். 120 வீட்டுக்கு ஓர் அணிக்கு 15 நாள், 9 விழுந்த வீடுகளுக்குத் திரும்பப் போக மூன்று நாள், தாளிலிருந்து கணினிக்கு இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றி ஒப்பிட நான்கு நாள், கணக்குக்கு ஒரு வாரம். ஒரு மாதம் ஓடிவிடும். நவம்பர் 1-க்கு வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசியில் தெருவில் இறங்கியிருக்கவேண்டும், மழை அதற்கும் முந்தினால் இன்னும் முன்னால்.

சபையில் ஒரே ஒரு தாள் போதும்: ஏழைகள் விகிதம், தீவிரம், குறியீடு, குறைகளின் பங்கு வரிசை, குக்கிராமம் வாரி. பத்து வீட்டுக்கும் குறைவான குக்கிராமத்தைப் பக்கத்துக் குக்கிராமத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். "மேலத்தெருவில் ஒரு வீட்டில் குழந்தை இறப்பு" என்று திரையில் விழுந்தால் அது யார் வீடென்று சபையில் எல்லோருக்கும் தெரியும். பெயரும் கதவிலக்கமும் உள்ள தாளை விடைத்தாளிலிருந்து பிரித்துப் பூட்டிவையுங்கள். இரண்டையும் இணைக்கும் வரிசை எண் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், இரண்டாண்டு கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பப் போக அது வேண்டும்.